கரி தீர்ந்த சுரங்கத்தில் நீராவி இன்ஜினை ஏன் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்?

கேள்வி இது: "மான்செஸ்டரில் படிக்கும் என் மகள், பக்கத்தில் மூடிக் கிடக்கும் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்ப் படங்கள் அனுப்பினாள். 1970-லேயே மூடிவிட்டார்களாம். ஆனால் பெரிய கட்டடம் ஒன்றுக்குள் வீட்டு உயரத்துக்கு ஒரு நீராவி இன்ஜின், அதைச் சுற்றி எண்ணெய்க் கேனும் துணியுமாக வயதானவர்கள். ரயில் இன்ஜின் என்றால் ஓட்டிக் காட்டலாம், நாலு பேர் ஏறிப் போகலாம். இடத்தை விட்டு நகராத இந்த இன்ஜின் என்ன வேலை செய்தது? கரியே எடுக்காத இடத்தில் இதை ஏன் இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றுகிறார்கள்?"

உங்கள் மகள் போனது ஆஸ்ட்லி கிரீனாகத்தான் இருக்க வேண்டும். லங்காஷயர் நிலக்கரி வயலில் ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான சுரங்கங்கள் இருந்தன. சுரங்கக் குழியின் வாய்க்கு மேல் நிற்கும் தூக்குக் கோபுரமும் பக்கத்திலேயே இன்ஜின் வீடும் இன்னும் நிற்பது அங்கே மட்டும்தான். படத்தில் இருக்கும் இயந்திரத்துக்கு வைண்டிங் இன்ஜின் என்று பெயர். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் வைண்டர் என்பார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில். அப்பா வைண்டிங் டிரைவர். அங்கே தோண்டியது தங்கம். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டதால் இயந்திரங்களும் மெல்ல மின்சாரத்துக்கு மாறின. ஆனால் லிவரைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஆளின் வேலை கரிக்கும் தங்கத்துக்கும் ஒன்றுதான். பிறகு நான் இயந்திரப் பொறியாளனாகி, சில வருடம் பிரிட்டனில் வேலை பார்த்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த இன்ஜின் வீடுகளைத் தேடித் தேடிப் போனேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

தமிழ்நாட்டில் நமக்குச் சுரங்கம் என்றதும் நெய்வேலிதான் கண்ணில் நிற்கும். அது திறந்தவெளிச் சுரங்கம். மேல்மண்ணை வழித்து எடுத்துவிட்டு, வெயில் படும் இடத்திலேயே பழுப்பு நிலக்கரியை வெட்டுகிறார்கள். பிரிட்டன், ஜெர்மனி, பெல்ஜியத்தின் பழைய சுரங்கங்கள் வேறு மாதிரி. கிணறு போலச் செங்குத்தாக ஒரு குழி. அதைத்தான் ஷாஃப்ட் என்கிறோம். ஆஸ்ட்லி கிரீனில் ஆழம் ஏறக்குறைய 800 மீட்டர். காலையில் நூற்றுக்கணக்கான ஆட்கள் அதன் வழியாகத்தான் இறங்க வேண்டும். வெட்டிய கரி அதன் வழியாகத்தான் ஏற வேண்டும். முட்டுக்கொடுக்கும் மரம், தண்டவாளம், அடிபட்டவரைக் கிடத்திய ஸ்ட்ரெச்சர் எல்லாவற்றுக்கும் அதுதான் வாசல். அந்தக் கிணற்றின் ராட்டினம்தான் நீங்கள் பார்த்த இன்ஜின்.

ராட்டினம் என்று சொன்னது சும்மா இல்லை. கிணற்றில் ஒரே கயிற்றின் இரண்டு முனையிலும் வாளி கட்டி இறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிறைந்த வாளி மேலே வரும்போது வெறும் வாளி கீழே போகும். வாளிகளின் எடை ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். கை தூக்க வேண்டியது தண்ணீரின் எடையை மட்டும். வைண்டரும் இதையே செய்கிறது. பெரிய இரும்பு டிரம் ஒன்று. அதில் இரண்டு எஃகுக் கயிறுகள், ஒன்று டிரம்மின் மேல்பக்கமாக, மற்றது கீழ்ப்பக்கமாக வெளியே போகும். இன்ஜின் வீட்டிலிருந்து கிளம்பும் கயிறுகள் தூக்குக் கோபுரத்தின் உச்சியில் இருக்கும் சக்கரங்களில் ஏறி, திரும்பி, ஷாஃப்டுக்குள் இறங்கும். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு கேஜ், அதாவது அடுக்குக் கூண்டு. டிரம் சுற்றினால் ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். எதிர்ப்பக்கம் சுற்றினால் மாறும்.

சிக்கல் கயிற்றில் இருக்கிறது. நம் கிணற்றுத் தாம்புக்கயிற்றின் எடையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 800 மீட்டர் எஃகுக் கயிற்றை அப்படி விட முடியாது. மீட்டருக்குச் சுமார் 10 கிலோ என்று வைத்தாலே 8 டன். கரி ஏற்றிய கேஜ் அடியில் இருக்கும்போது இந்த 8 டன்னும் அந்தப் பக்கம் தொங்கும். பாதி வழியில் இரண்டு பக்கமும் சமம். அதன் பிறகு கீழே போகும் பக்கத்தில் கயிறு நீண்டு நீண்டு, அது மேலே வருவதை இழுக்கத் தொடங்கிவிடும். அதாவது தொடக்கத்தில் முழு மூச்சாகத் தூக்க வேண்டிய இயந்திரம், கடைசியில் ஓடிவிடாமல் தன்னைத் தானே பிடித்து நிறுத்த வேண்டும். இதற்காகவே பல வைண்டர்களின் டிரம்மைக் கூம்பு வடிவில் செய்தார்கள். அடியிலிருந்து கிளம்பும் கயிறு குறுகிய முனையில் சுற்றும். வீட்டுக் கதவைக் கீல் பக்கமாகத் தள்ளினால் கடினம், கைப்பிடிப் பக்கம் தள்ளினால் எளிது இல்லையா, அந்தக் கணக்குதான். ஜெர்மனியில் போகம் நகரின் ஹனோவர் சுரங்கத்தில் ஃப்ரீட்ரிச் கோப்பே 1877-ல் வேறொரு வழி கண்டார். கயிற்றை டிரம்மில் சுற்றாமல் ஒரு சக்கரத்தின் மேல் போட்டு உராய்விலேயே ஓட்டினார். கேஜ்களின் அடியிலும் ஒரு கயிற்றை வளையமாகத் தொங்கவிட்டால் இரண்டு பக்கமும் எப்போதும் சமம். இன்று உலகத்தின் ஆழமான சுரங்கங்கள் பலவற்றிலும் நடப்பது அவர் வழிதான்.

எஃகுக் கயிறே சுரங்கத்துக்காகப் பிறந்ததுதான். 1834-ல் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற அதிகாரி இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கயிறாக்கினார். அதுவரை சணல் வடமும் சங்கிலியும்தான். சணல் அழுகும், சங்கிலி சொல்லாமல் அறும். இன்று பாலத்திலும் லிஃப்டிலும் நாம் நம்பித் தொங்குவது அந்தக் கயிற்றின் பிள்ளைகளைத்தான்.

ஆஸ்ட்லி கிரீன் இன்ஜினுக்கு வருகிறேன். அங்கே 1908-ல் குழி தோண்டத் தொடங்கினார்கள். மேலே சதுப்பும் நீர் ஊறும் மணலும். தோண்டத் தோண்டச் சரியும் நிலம். அதனால் வார்ப்பிரும்பு வளையங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஹைட்ராலிக் ஜாக்கிகளால் அழுத்தி மண்ணுக்குள் இறக்கினார்கள். உறைகிணறு இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். 1912-ல் கரி வெளியே வந்தது. பிளாக்பர்னில் இருந்த யேட்ஸ் அண்ட் தாம் நிறுவனம் கட்டிய இன்ஜினின் சக்தி 3,300 குதிரைத்திறன். இந்திய ரயில்வேயில் பல்லாண்டு ஓடிய டபிள்யூடிஎம்-2 டீசல் இன்ஜினே 2,600தான். லங்காஷயரில் அதைவிடப் பெரிய நீராவி வைண்டர் இருந்ததில்லை. நான்கு சிலிண்டர்கள், பக்கத்துக்கு இரண்டாக. உயர் அழுத்தச் சிலிண்டரில் வேலை செய்து முடித்த நீராவியை வீணாக்காமல், அதே வரிசையில் இருக்கும் பெரிய சிலிண்டரில் இன்னொரு தடவை வேலை வாங்குவார்கள். பிஸ்டனின் முன்னும் பின்னுமான ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கை கிராங்க். இரண்டு பக்கக் கிராங்குகளும் ஒன்றுக்கொன்று 90 பாகை விலகி நிற்கும். ஏன் என்றால், ஒரு பக்கப் பிஸ்டன் தன் ஓட்டத்தின் முனையில் முட்டி நின்றாலும் மறுபக்கம் நடுவில் இருக்கும். எந்த நிலையில் நிறுத்தினாலும் அங்கிருந்தே முழு பாரத்தோடு கிளம்பலாம். ரயில் இன்ஜினிலும் இதே ஏற்பாடு உண்டு. ஆனால் ரயில் ஒரு பக்கமாகவே மணிக்கணக்கில் ஓடும். இது ஒன்று ஒன்றரை நிமிடம் ஓடும், நிற்கும், திசை மாற்றும், மறுபடி ஓடும். நாள் முழுக்க, பல்லாண்டுக் காலம்.

மின்சாரம் வந்த பிறகும் பல இடங்களில் நீராவியை ஏன் விடவில்லை என்று கேட்பார்கள். ஒரு காரணம் காசு. விலைக்குப் போகாத தூள் கரி வாசலிலேயே குவிந்து கிடக்கும். கொதிகலனுக்கு அது போதும். இன்னொரு காரணம் இயந்திரம் சார்ந்தது. வைண்டருக்கு ஆயிரக்கணக்கான குதிரைத்திறன் வேண்டும், ஆனால் சில விநாடிக்கு மட்டும். பிறகு ஒன்றுமே வேண்டாம். அப்படித் திடீரென்று உறிஞ்சினால் அந்தக் கால மின் நிலையங்கள் தாங்காது. அதனால் ஆரம்பகால மின் வைண்டர்களோடு பல டன் எடையுள்ள சுழல்சக்கரம் ஒன்றையும் ஓடவிட்டு, சக்தியை அதில் சேமித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கொதிகலனோ, தானே ஒரு பெரிய சேமிப்புத் தொட்டி. வால்வைத் திறந்தால் கேட்டது கிடைக்கும்.

இனி டிரைவர். என் பதிலின் முக்கால் பங்கும் இவரைப் பற்றித்தான்.

அவருடைய இருக்கை டிரம்மைப் பார்த்தபடி ஒரு சின்ன மேடையில் இருக்கும். ஒரு கை நீராவி லிவரில், இன்னொன்று திசை மாற்றும் லிவரில், பிரேக்குக்குக் காலோ இன்னொரு லிவரோ. அங்கே உட்கார்ந்தால் முதலில் உறைப்பது, ஷாஃப்ட் கண்ணுக்கே தெரியாது என்பது. கேஜும் தெரியாது, அதில் நிற்பவர்களும் தெரியமாட்டார்கள். சுவரும் டிரம்மும் கயிறும் மட்டும்தான். அவர் எதைப் பார்த்து ஓட்டுகிறார்? பக்கத்தில் கம்பம் போல் ஆழங்காட்டி நிற்கும். டிரம்மோடு பற்சக்கரத்தால் இணைந்த முள் அதில் ஏறி இறங்கும். 800 மீட்டர் ஷாஃப்டை ஆள் உயரத்துக்குள் சுருக்கினால் ஒரு விரற்கடை என்பது எத்தனை மீட்டர் என்று நீங்களே கணக்குப் போடலாம். ஆகவே முள் வழிகாட்டும், துல்லியம் தராது. துல்லியத்துக்கு டிரம்மின் விளிம்பில் அவரே சுண்ணாம்பாலோ பெயின்டாலோ போட்ட கோடு. அந்தக் கோடு எதிரே உள்ள குறியோடு சேரும்போது கேஜ் தரையோடு தரையாக நிற்கும். கயிறு புதிதாக இருக்கும்போது நீளும், பாரத்துக்குத் தக்கபடியும் நீளும். கோட்டை அடிக்கடி மாற்றிப் போட வேண்டும்.

காதில் விழுவது மணி. மேலே ஷாஃப்ட் வாயில் நிற்பவர் பேங்க்ஸ்மேன், அடியில் நிற்பவர் ஆன்செட்டர். ஒரு மணி அடித்தால் ஏற்று. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மணி என்றால் நிறுத்து. இரண்டு மணி, இறக்கு. மூன்று மணி, ஆள் ஏறுகிறார்கள். பிரிட்டனின் இந்த மரபுதான் இந்தியச் சுரங்கங்களுக்கும் வந்தது. மூன்று மணி கேட்டால் டிரைவரின் உட்காரும் விதமே மாறும். வேகம் குறையும், பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. எங்கள் வீட்டில் அப்பா ஷிப்ட் முடிந்து வந்தால் கதவை மூன்று முறை தட்டுவார். அம்மா உள்ளிருந்தே "ஆள் வருது" என்று சொல்லிக்கொண்டு தாழ்ப்பாளை எடுப்பார்.

வைண்டர் நீராவி இன்ஜின்களிலேயே தனிச் சாதி என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஆலை இன்ஜின் நின்றால் தறி நிற்கும். இது தவறினால் மனிதர்கள் போவார்கள். ஆகவே இந்த இயந்திரத்தில் இருக்கும் ஒவ்வொரு பாதுகாப்பு உறுப்பையும் தொட்டு, இது எந்தச் சாவுக்குப் பிறகு வந்தது என்று கேட்கலாம். பெரும்பாலும் பதில் இருக்கும்.

1842-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சுரங்கச் சிறுவர்களைப் பற்றி ஒரு விசாரணை அறிக்கையைப் பெற்றது. ஓல்டாம் ஊரின் காவல் தலைவர் அதில் சொன்ன சாட்சியத்தைப் படித்த நாளிலிருந்து என்னால் மறக்க முடியவில்லை. ஒரு சுரங்கத்தில் மூன்று நான்கு பையன்கள் செத்துப்போனார்கள். கேஜை ஏற்றிக்கொண்டிருந்த இன்ஜினைக் கவனிக்க வேண்டியவனுக்கு வயது ஒன்பதுதான் இருக்கும் என்றார் அவர். அடுப்பருகே ஓடிய ஓர் எலி அவன் கண்ணில் பட்டிருக்கிறது. ஒரு நொடி திரும்பிவிட்டான். சம்பளம் மிச்சமாகிறது என்று சின்னப் பிள்ளையின் கையில் அத்தனை உயிர்களைக் கொடுத்திருந்தார்கள். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஆண்டுச் சட்டம் பெண்களையும் பத்து வயதுக்குக் குறைந்த பையன்களையும் நிலத்தடி வேலையிலிருந்து விலக்கியது என்பது பலருக்குத் தெரியும். ஆள் ஏற்றும் இன்ஜினை 15 வயதுக்குக் குறைந்தவர் ஓட்டக் கூடாது என்ற விதியும் அதே சட்டத்தில்தான் வந்தது.

அடுத்தது ஹார்ட்லி. 1862 ஜனவரி 16, நார்தம்பர்லாந்தின் நியூ ஹார்ட்லி சுரங்கம். அங்கே இருந்தது ஒரே ஒரு ஷாஃப்ட். அதன் வாய்க்கு மேலேயே தண்ணீர் இறைக்கும் நீராவி இன்ஜினின் 42 டன் வார்ப்பிரும்பு உத்தரம் ஆடிக்கொண்டிருந்தது. ஷிப்ட் மாறும் நேரத்தில் உத்தரம் நடுவில் ஒடிந்து, பாதி ஷாஃப்டுக்குள் விழுந்தது. மரச் சட்டங்களை எல்லாம் பெயர்த்துக்கொண்டு போய்க் குழியை அடைத்துவிட்டது. ஏறிக்கொண்டிருந்த கேஜில் ஐந்து பேர் செத்தார்கள். அடியில் 199 பேர். வெளியே வர வேறு வழியே இல்லை. ஆறு நாள் தோண்டி வழி திறந்தபோது விஷவாயுவில் எல்லோரும் இறந்து கிடந்தார்கள். அப்பாக்களும் மகன்களும் பக்கத்துப் பக்கத்தில். மொத்தம் 204. அந்த ஆண்டே சட்டம் வந்தது: இனி எந்தச் சுரங்கத்துக்கும் வெளியேற இரண்டு வழி இருக்க வேண்டும். இரண்டு வழி என்றால் பெரும்பாலும் இரண்டு ஷாஃப்ட், இரண்டு கோபுரம், இரண்டு வைண்டர். பழைய சுரங்கங்களின் படங்களில் கோபுரங்கள் ஜோடி ஜோடியாக நிற்பதைப் பாருங்கள். அந்த இரண்டாவது கோபுரத்துக்குப் பின்னால் ஹார்ட்லி இருக்கிறது.

டிரைவர் நிறுத்தத் தவறினால் கேஜ் கோபுரத்தின் உச்சியில் போய் மோதும். இதற்காக 1860-களின் இறுதியில் லங்காஷயரின் ஆதர்டன் ஊரில், கிப்ஃபீல்டு சுரங்கத்தின் எட்வர்ட் ஆர்மரோடு ஒரு கொக்கி செய்தார். கயிற்றுக்கும் கேஜுக்கும் இடையில் இருக்கும் அந்த இரும்புத் தகடுகள், அளவுக்கு மேல் ஏறினால் கோபுரத்தில் பொருத்திய ஒரு வளையத்துக்குள் நுழையும். வளையம் தகடுகளை அழுத்தும். கயிறு கழன்றுகொண்டு போய்விடும். அதே அசைவில் தகடுகள் விரிந்து வளையத்தின் மேல் உட்கார்ந்து கேஜைத் தாங்கும். கயிற்றை விடுவதும் கேஜைப் பிடிப்பதும் ஒரே கணத்தில். விரிந்த தோற்றத்தைப் பார்த்து வண்ணத்துப்பூச்சிக் கொக்கி என்று பெயர் வைத்தார்கள். அருங்காட்சியகங்களில் மேசை மேல் கிடக்கும். பலர் பார்க்காமலே கடந்து போவார்கள். இரண்டு கைகளாலும் தூக்கிப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

பெல்ஜியத்தின் மார்சினெல் ஊரில் போவா து காசியே சுரங்கம். 1956 ஆகஸ்ட் 8. அடியில் இருந்தவருக்கும் மேலே இருந்தவருக்கும் இடையில் செய்தி பிசகியது. கரி வண்டி ஒன்று பாதி உள்ளே, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போதே கேஜ் கிளம்பிவிட்டது. நீட்டிய வண்டி போகிற போக்கில் எண்ணெய்க் குழாயையும் மின் கேபிளையும் அழுத்தக் காற்றுக் குழாயையும் அறுத்தது. இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 262 பேர் செத்தார்கள். அதில் 136 பேர் பிழைப்புக்காக இத்தாலியிலிருந்து வந்தவர்கள். மண்ணுக்கடியில் வெடிப்போ சரிவோ நடந்ததல்ல இது. ஒரு மணிச் சைகை சரியாகப் போய்ச் சேராததால் வந்தது. அந்த இடம் 2012-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

நீராவி போய் மின்சாரம் வந்ததும் இந்தக் கதை முடிந்துவிடவில்லை. 1973 ஜூலை 30, டெர்பிஷயரின் மார்க்கம் சுரங்கம். ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்த கேஜை டிரைவர் பிரேக் போட்டு மெதுவாக்க முயன்றார், பிரேக் பிடிக்கவில்லை. அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினார். அதுவும் கடைசியில் அதே பிரேக்கைத்தான் நம்பியிருந்தது. பிரேக்கின் ஒரே ஒரு எஃகுத் தண்டு, உள்ளுக்குள் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்ந்த விரிசலால் ஒடிந்திருந்தது. 29 பேரில் 18 பேர் செத்தார்கள். மற்ற 11 பேருக்கும் பலத்த காயம். அதன்பிறகு பிரிட்டன் முழுக்க வைண்டர் பிரேக்குகளைக் கழற்றிச் சோதித்தார்கள். ஒரு உறுப்பு உடைந்தால் எல்லாமே போய்விடும் என்ற அமைப்பு எங்கும் இருக்கக் கூடாது என்று முடிவானது. பொறியியல் படிக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அந்த விபத்து அறிக்கையை ஒரு தடவையாவது வாசியுங்கள். வகுப்பில் உலோகச் சோர்வு என்று பலகையில் எழுதிப்போடும் வரைபடம் அதன் பிறகு வேறாகத் தெரியும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. கரியை எடுத்த கதையைப் புத்தகத்தில் எழுதிவிடலாம். முகம் தெரியாத ஒருவர் கையில் நூற்றுக்கணக்கான பேர் தினமும் இரண்டு முறை உயிரைக் கொடுத்து வாங்கிய ஏற்பாடு இருக்கிறதே, அதைப் புத்தகத்தில் காட்ட முடியாது. லிவரின் பிடி எவ்வளவு வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது, இருக்கையிலிருந்து ஷாஃப்ட் எவ்வளவு தூரம், டிரம் சுற்றும்போது தரை எப்படி அதிர்கிறது என்பதெல்லாம் அந்த இடத்தில் நின்றால்தான் உடம்புக்குப் புரியும்.

அதனால் இன்ஜினைப் பெயர்த்து நகர அருங்காட்சியகத்தில் வைப்பது எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லை. சில இடங்களில் வேறு வழி இருந்திருக்காது. டர்ஹாம் வட்டாரத்தின் பீமிஷ் அருங்காட்சியகத்தில் 1855-ல் செய்த செங்குத்து நீராவி வைண்டர் ஒன்று இருக்கிறது. அதன் சொந்தச் சுரங்கத்திலிருந்து இன்ஜினையும் அதன் வீட்டையும் சேர்த்தே எடுத்துவந்து நிறுத்தினார்கள். வீட்டையும் சேர்த்து எடுத்ததால்தான் அது இன்றும் உயிரோடு தெரிகிறது. தன் இடத்திலேயே நிற்பவற்றின் அழகு தனி. வேக்ஃபீல்டு அருகே கேப்ஹவுஸ் சுரங்கம் இன்று இங்கிலாந்தின் தேசிய நிலக்கரிச் சுரங்க அருங்காட்சியகம். அங்கே 1876 காலத்து நீராவி வைண்டர் தன் வீட்டிலேயே இருக்கிறது. ஸ்காட்லாந்தில் நியூட்டன்கிரேஞ்ச் ஊரின் லேடி விக்டோரியா சுரங்கத்தில் 1894-ல் கில்மார்னக்கிலிருந்து வந்த இன்ஜின். டெர்பிஷயர் எல்லையில் பிளெஸ்லியில் 1904-லும் 1922-லும் செய்த இரண்டு இன்ஜின்கள் பக்கத்துப் பக்கத்தில். 18 வருடத்தில் தொழில் எப்படி மாறியது என்று ஒரே பார்வையில் ஒப்பிடலாம். கோப்பே வேலை பார்த்த போகம் ஹனோவர் சுரங்கத்தில் 1893-ம் ஆண்டு நீராவி வைண்டர், கோட்டை போன்ற செங்கல் கோபுரத்தின் அடியில்.

இவை தப்பிப் பிழைத்தது பெரும்பாலும் யாரோ சிலர் கடைசி நேரத்தில் குறுக்கே நின்றதால். சுரங்கம் மூடினால் வழக்கமாக நடப்பது இது: ஷாஃப்டை நிரப்பி மேலே கான்கிரீட் மூடி போடுவார்கள், கோபுரத்தை வெட்டிச் சாய்ப்பார்கள், இன்ஜின் பழைய இரும்பாகப் போகும். செம்பும் பித்தளையும் அதற்கு முன்பே காணாமல் போகும். ஆஸ்ட்லி கிரீனையும் இடிப்பதாகத்தான் இருந்தது. லங்காஷயர் மாவட்ட நிர்வாகம் குறுக்கிட்டது. பிறகு ரெட் ரோஸ் நீராவிச் சங்கத்தின் தன்னார்வலர்கள் கையில் எடுத்தார்கள். உங்கள் மகள் பார்த்த எண்ணெய்க் கேன் பெரியவர்கள் அவர்கள்தான். ஜெர்மனியின் டோர்ட்முண்டில் ஸோலர்ன் சுரங்கம் 1966-ல் மூடியது. வண்ணக் கண்ணாடி வாசலும் இரும்புச் சட்டங்களுமாக இருந்த அதன் இயந்திரக் கூடத்தையும் இடிக்கவிருந்தார்கள். அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில், தூக்குக் கோபுரங்களை ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்த பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதியும் உண்டு. 1969-ல் அது காப்பாற்றப்பட்டது. தொழிற்சாலையும் நினைவுச்சின்னம்தான் என்ற எண்ணம் ஜெர்மனியில் வேர்விட்டது அங்கிருந்துதான்.

காப்பாற்றிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். ஓடாத இயந்திரம் ஓடும் இயந்திரத்தைவிட வேகமாகக் கெடும். நீராவியின் சூடு இருந்தவரை கட்டடம் காய்ந்திருந்தது. சூடு போனதும் குளிர்ந்த இரும்பின் மேல் ஈரம் கோக்கும், பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். எனவே அவ்வப்போது சுற்றியே ஆக வேண்டும். கொதிகலன்கள் பெரும்பாலான இடங்களில் எப்போதோ போய்விட்டன. புதிதாக வைத்து நீராவி எழுப்புவது பெரிய செலவு, சோதனை, சான்றிதழ், இன்ஷூரன்ஸ். சில இடங்களில் அழுத்தக் காற்றைச் செலுத்தியும் சில இடங்களில் சின்ன மின் மோட்டாரைப் பூட்டியும் மெதுவாகச் சுற்றிக் காட்டுகிறார்கள். நீராவி இல்லாவிட்டால் உண்மையில்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சூடும் வாசனையும் வேறுதான். ஆனால் மெல்லச் சுற்றினாலும் அது சுற்றட்டும். நிறுத்தி வைத்து பெயின்ட் அடித்தால் ஓட்டியவரின் கை அசைவு மறந்துபோகும்.

எனக்குக் கவலை இரும்பைப் பற்றி அவ்வளவு இல்லை. பிரிட்டனின் கடைசி ஆழ நிலக்கரிச் சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடியது. ஜெர்மனியில் கடைசி கருநிலக்கரிச் சுரங்கமான ப்ராஸ்பர் ஹானியல் 2018 டிசம்பரில். நீராவி வைண்டரை உண்மையான ஆட்களோடு ஓட்டியவர்கள் மிகச் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். கயிற்றைக் காலையில் மெதுவாக ஓடவிட்டு, பஞ்சுக் கழிவைக் கையில் வைத்துப் பிடித்துப் பார்ப்பார்கள். கம்பி ஓர் இழை அறுந்திருந்தாலும் பஞ்சு மாட்டிக்கொள்ளும். எந்த அளவு மாட்டினால் கயிற்றை நிறுத்தி வைக்க வேண்டும், எந்தச் சத்தம் சாதாரணம், எது அபாயம் என்பதை அவர்கள் எழுதிவைக்கவில்லை. கேட்டால் சொல்வார்கள். கேட்பதற்கு ஆள் வேண்டும். தங்கவயலில் 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கம் மூடியபோது அப்பாவிடம் நான் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டியது எத்தனையோ. அங்கே இன்னும் சில தூக்குக் கோபுரங்கள் துருப்பிடித்தபடி நிற்கின்றன. அவற்றில் இறங்கி ஏறியவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்கள் பேச்சையும் வேலையையும் யாராவது இப்போதே பதிவு செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

உங்கள் மகள் அங்கேதான் இருக்கிறாள் என்பதால் ஒன்று சொல்கிறேன். விடுமுறையில் வேல்ஸ் பக்கம் போனால் பிளேனவனில் பிக் பிட் இருக்கிறது. 1980-ல் மூடி, 1983-ல் பொதுமக்களுக்குத் திறந்த சுரங்கம். தலைக்கவசமும் விளக்கும் இடுப்பில் சுவாசக் கருவியும் கட்டிவிடுவார்கள். தீப்பெட்டி, செல்போன், பேட்டரிக் கடிகாரம் எல்லாவற்றையும் மேலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிறகு கேஜில் 90 மீட்டர் கீழே. அங்கே இப்போது மின் வைண்டர்தான். கதவு மூடி, மணி அடித்து, ஒரு கணம் ஒன்றும் நடக்காது. அந்த ஒரு கணத்தில், கண்ணுக்குத் தெரியாத ஓர் அறையில் ஒருவர் மணியை எண்ணிவிட்டு லிவரில் கை வைக்கிறார் என்று நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதன்பிறகு ஆஸ்ட்லி கிரீனுக்குத் திரும்பப் போய், அந்தப் பெரியவர்களிடம் அனுமதி கேட்டு, டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இந்த முறை இன்ஜினைப் பார்த்து எடுக்க வேண்டாம். நாற்காலியிலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறதோ அதை எடுக்கட்டும்.